ஆவாரம்பூ டீ குடித்தால் சுகர் குறையுமா? சிதம்பரம் ஆய்வுக்கூடத்து எலிகள் சொன்னதும் சொல்லாததும்!

'ஆவாரம்பூவைப் பறித்து நிழலில் காயவையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து வெறும் வயிற்றில் குடியுங்கள். ஒரு மண்டலத்தில் சுகர் ஓடிப்போகும். மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது. பத்துப் பேருக்குப் பகிருங்கள்!'

இந்த மாதிரி ஒரு தகவல் வந்து விழாத குடும்ப வாட்ஸ்அப் குரூப் தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம்தான். அனுப்புவது சித்தப்பாவாக இருக்கும், பெரியம்மாவாக இருக்கும். அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். படிக்கிறவருக்கும் ஆசை வருகிறது. தினமும் இரண்டு வேளை மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, பிடித்த பதார்த்தத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் போவது... இதிலிருந்தெல்லாம் ஒரு மஞ்சள் பூ விடுதலை வாங்கித் தரும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்தத் தகவலில் கவனிக்க வேண்டிய வரி, 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்பதுதான். எந்த ஆராய்ச்சி? எங்கே நடந்தது? யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்?

ஆராய்ச்சி நடந்தது உண்மை. அதுவும் நம் சிதம்பரத்திலேயே நடந்திருக்கிறது. ஆனால், அதில் ஆவாரம்பூ சாற்றைக் குடித்தவை எலிகள்!

அண்ணாமலை நகரில் ஒரு மஞ்சள் பூ

சிதம்பரம் ரயில் நிலையத்தைத் தாண்டினால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-ல் தொடங்கப்பட்ட இந்தப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறைக்கு, நீரிழிவு மூலிகை ஆராய்ச்சியில் தனிப் பெயர் உண்டு. 1990-களின் கடைசியிலிருந்து, நம் வீட்டுக் கொல்லையிலும் வேலியோரத்திலும் வளர்கிற செடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். நாவல் கொட்டை, சீந்தில், வாழைப்பூ, கோவை இலை, மூக்கிரட்டை, சர்க்கரைவேம்பு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. நாட்டு மருந்துக் கடைக்காரரின் அலமாரியை அப்படியே ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனது போலத்தான்.

அந்த வரிசையில் ஆவாரம்பூவும் வந்தது. எல்.பாரி, எம்.லதா ஆகிய இருவரின் பெயரில் 2002-ல் 'சிங்கப்பூர் மெடிக்கல் ஜர்னல்' இதழில் அந்த ஆய்வுக் கட்டுரை வெளியானது. அவர்கள் செய்தது இதுதான்: எலிகளுக்கு 'ஸ்ட்ரெப்டோசோடோசின்' என்ற ரசாயனத்தைச் செலுத்தி, நீரிழிவை வரவழைத்தார்கள். பிறகு ஆவாரம்பூவிலிருந்து எடுத்த சத்தை மூன்று அளவுகளில், 30 நாள்கள் வாய்வழியாகக் கொடுத்தார்கள். எலியின் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.45 கிராம் என்ற அளவில் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் நன்றாக இறங்கின. சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் 'கிளிபென்கிளமைடு' மாத்திரையோடு ஒப்பிடும் அளவுக்கு அந்தப் பலன் இருந்தது.

பல்கலைக்கழகத்தின் இன்னொரு பிரிவு, பரங்கிப்பேட்டையில் உள்ள கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம். அங்கும் இதே வேலை நடந்திருக்கிறது. பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் வளரும் ஒரு கண்டல் இனத்தின் இலைச் சத்து, எலிகளின் சர்க்கரையைக் குறைத்ததாக 2010-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

ஆக, பாட்டி சொன்னது வெறும் கதை இல்லை. பூவில் ஏதோ இருக்கிறது. சித்த மருத்துவத்தில் 'மதுமேகம்' என்று சொல்லப்படும் நோய்க்கு ஆவாரைக் குடிநீர் காலங்காலமாகத் தரப்படுகிறது. ஆவாரையோடு கொன்றை, நாவல், மருதம்பட்டை, கோரைக்கிழங்கு எல்லாம் சேரும் கூட்டு மருந்து அது. அதாவது, சித்த மருத்துவர் கொடுப்பது தனிப் பூவை மட்டும் கொதிக்கவைத்த டீ அல்ல. வாட்ஸ்அப்பில் வரும்போது கூட்டு போய்விடுகிறது, பத்தியம் போய்விடுகிறது, நாடி பார்த்த மருத்துவரும் போய்விடுகிறார். பூ மட்டும் மிச்சம்!

எலிக்கும் நமக்கும் நடுவே...

சரி, எலிக்குக் குறைந்தால் நமக்கும் குறையாதா? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலானோருக்கு இருப்பது 'டைப் 2' நீரிழிவு. கணையம் இன்சுலினைச் சுரக்கும். ஆனால் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்தாது. பல வருடங்கள் கழித்துக் கணையமும் களைத்துப்போகும். பரம்பரை, தொப்பை, அசையாத வேலை, தட்டு நிறைய சோறு எனப் பல காரணங்கள் சேர்ந்து மெதுவாக வருகிற நோய் அது. ஆய்வுக்கூடத்து எலிக்கு அப்படி வரவில்லை. ஸ்ட்ரெப்டோசோடோசின், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை நேரடியாக அழிக்கிறது. இளம் எலிக்கு ஒரே ஊசியில் திடீரென வந்த சர்க்கரையும், 25 வருடமாக ஹோட்டல் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வந்த சர்க்கரையும் ஒன்றாகிவிடாது.

அடுத்தது அளவு. ஒரு கிலோவுக்கு 0.45 கிராம் என்பதை அப்படியே 60 கிலோ மனிதருக்குப் பெருக்கினால் 27 கிராம் வரும். ஆனால், எலியின் உடல் இயக்க வேகம் நம்மைவிட அதிகம் என்பதால் விஞ்ஞானிகள் அப்படி நேரடியாகப் பெருக்குவதில்லை. எலியின் அளவை சுமார் 6-ஆல் வகுத்துத்தான் மனித அளவைக் கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு நான்கரை கிராமுக்கு அருகில் வரும். இதுவும் பூவின் எடை அல்ல, பூவிலிருந்து பிரித்தெடுத்த சத்தின் எடை. நாம் டம்ளரில் போடும் நான்கைந்து காய்ந்த பூவில் அது எவ்வளவு இருக்கும்? சிதம்பரத்தில் பறித்த பூவிலும் திண்டுக்கல்லில் பறித்த பூவிலும் ஒரே அளவு இருக்குமா? இரண்டு நிமிடம் கொதித்த டீயும் பத்து நிமிடம் கொதித்த டீயும் ஒன்றா? மாத்திரை அட்டையில் '500 மி.கி.' என்று அச்சிட்டிருக்கும். பூவில் அச்சிட முடியாது.

இன்னொன்று, அந்த எலிகளுக்கு 30 நாள்தான் கொடுத்தார்கள். நீரிழிவுக்காரர் 30 வருடம் வாழ வேண்டும்.

இதனால் அந்த ஆராய்ச்சி வீண் என்று அர்த்தமில்லை. எந்த மருந்துக்கும் முதல் படி இதுதான். முதல் படியில் நிற்பவரைப் பார்த்து 'மாடிக்கு வந்துவிட்டார்' என்று சொல்வதுதான் தப்பு.

மனிதர்களிடம் சோதித்தபோது?

சில மூலிகைகள் இரண்டாவது படியும் ஏறியிருக்கின்றன. அந்தக் கதைகள் சுவாரஸ்யமானவை.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு ஒரு வாய் சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள், மணலைத் தின்பது போலிருக்கும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலம், நாக்கில் இனிப்பை உணரும் இடத்தைச் சிறிது நேரம் மறைத்துக்கொள்கிறது. 'சர்க்கரைக்கொல்லி' என்ற பெயர் சும்மா வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்த இலையின் சத்தை, ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 டைப் 2 நோயாளிகளுக்கு தினமும் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தார்கள். 1990-ல் வெளியான அந்த முடிவுகளின்படி, சர்க்கரை குறைந்தது. மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது. 5 பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது.

'பார்த்தீர்களா!' என்று துள்ள வேண்டாம். மாத்திரையை நிறுத்த முடிந்தது 22-ல் 5 பேரால்தான். மீதி 17 பேருக்கு மாத்திரை தொடர்ந்தது. அந்த 5 பேரும் தாங்களாக நிறுத்தவில்லை. ஒன்றரை வருடம் மருத்துவர்களின் கண்காணிப்பில், ரத்தம் பரிசோதித்துப் பரிசோதித்துக் குறைத்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் நம் ஊர் மூலிகைக்கு இது பெருமை தரும் ஆய்வு.

வேங்கை மரக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்து காலையில் குடிக்கும் பழக்கம் தெரிந்திருக்கும். அந்த வேங்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே எடுத்து ஆராய்ந்தது. புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்டவர்களிடம் பல நகரங்களில் நடந்த ஆய்வு அது. 1998-ல் வெளியான முடிவில், 12 வாரங்களில் 97 பேரில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. நல்ல எண்ணிக்கைதான். ஆனால், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் 'ஹெச்பிஏ1சி' அளவு கொஞ்சமே இறங்கியது. 9.8-ல் இருந்து 9.4. மருத்துவர்கள் பொதுவாக 7-க்குக் கீழே கொண்டுவரத்தான் பாடுபடுகிறார்கள்.

வெந்தயத்தை ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆராய்ந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த டைப் 1 நோயாளிகளின் உணவில் வெந்தயப் பொடியைச் சேர்த்து 10 நாள் கொடுத்தபோது, சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 சதவிகிதம் குறைந்தது. கொடுத்த அளவு என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு 100 கிராம்! கொழுப்பை நீக்கிய பொடியாக, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். நாம் இரவில் ஊறப்போடும் ஒரு ஸ்பூன் வெந்தயத்தை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால், வெந்தயத்தின் நார்ச்சத்து சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கும் என்பதால், சமையலில் தாராளமாகச் சேர்க்கலாம்.

பாகற்காய்க்கு வருவோம். தாய்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்றில் பாகற்காய் பொடியையும் மெட்ஃபார்மின் மாத்திரையையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். 4 வாரம். தினம் 2,000 மில்லிகிராம் பாகற்காய்ப் பொடி சாப்பிட்டவர்களுக்கு ஓரளவு பலன் தெரிந்தது. 1,000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் தந்த பலன் அதைவிட அதிகம். இப்படி நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த சர்வதேச 'காக்ரேன்' மதிப்பாய்வு, பாகற்காயை நீரிழிவு மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 2012-ல் சொன்னது. பாகற்காய்ப் பொரியல் சாப்பிட அதனால் தடையேதும் இல்லை. அது காய். காயாகச் சாப்பிடலாம்.

நாவலின் கதை வேறு. அதன் கொட்டை, அண்ணாமலை நகர் எலிகளிடம் சர்க்கரையைக் குறைத்தது. பிரேசிலில் நாவல் இலையில் டீ போட்டு நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை அசையவே இல்லை. அது இலை, இது கொட்டை என்று நாம் வாதாடலாம். அந்த வாதத்தைத் தீர்க்க இன்னொரு மனித ஆய்வுதான் வேண்டும், இன்னொரு ஃபார்வர்டு அல்ல.

இலங்கையில் 'கோத்தல ஹிம்புட்டு' என்ற டீ பிரபலம். நம் சித்த மருத்துவத்தில் ஏகநாயகம் எனப்படும் கொடியின் குடும்பம் அது. அங்கே 51 நோயாளிகளிடம் மூன்று மாதம் உண்மையான டீ, மூன்று மாதம் மருந்தில்லாத போலி டீ என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமலே சோதித்தார்கள். உண்மையான டீ குடித்த மாதங்களில் ஹெச்பிஏ1சி சற்றுக் குறைந்தது. அவர்கள் வழக்கமான மாத்திரையோடு சேர்த்துத்தான் டீயைக் குடித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரைக்குள் ஒரு மூலிகை!

'இங்கிலீஷ் மருந்து ரசாயனம், மூலிகைதான் இயற்கை' என்பவர்களுக்கு ஒரு செய்தி. நம்மில் லட்சக்கணக்கானோர் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மினின் பூர்விகமே ஒரு செடிதான்.

'கலேகா' என்பது ஐரோப்பாவில் வளரும் ஒரு பயறு வகைச் செடி. அடிக்கடி சிறுநீர் போகும் நோய்க்கு அங்குள்ள நாட்டு வைத்தியர்கள் அதைக் கொடுத்து வந்தார்கள். அதிலுள்ள குவானிடின் வகைப் பொருள் சர்க்கரையைக் குறைக்கும் என்று 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரிந்தது. ஆனால், அதை அப்படியே கொடுக்க முடியவில்லை; நச்சு. அந்தச் செடியை மேய்ந்த ஆடுகளே செத்திருக்கின்றன. அதே குடும்பத்தைச் சேர்ந்த, பாதுகாப்பான பொருளைத் தேடிப் போனார்கள். 1922-ல் டப்ளினில் மெட்ஃபார்மின் முதன்முதலில் தயாரிக்கப்பட்டது. 1957-ல் பாரிஸ் மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதித்தது 1994-ல்தான். 1998-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு, அதிக எடையுள்ள நோயாளிகளைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்து, மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் நீரிழிவு தொடர்பான மரணம் 42 சதவிகிதம் குறைந்ததைக் காட்டியது.

ஆக, கலேகா என்ற பூச்செடி மாத்திரையாக மாறி, உயிரைக் காக்கும் என்று நிரூபிக்க முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. ஆவாரம்பூவுக்கு அப்படி ஒரு பயணம் இன்னும் பாக்கி இருக்கிறது. மாரடைப்பைக் குறைக்கும் என்று காட்டும் நீண்டகால ஆதாரம் மெட்ஃபார்மினுக்கு உண்டு, ஆவாரம்பூவுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால், அது சின்ன வித்தியாசம் இல்லை.

தில்லை மரத்தைக் கேளுங்கள்

'மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது' என்று சொல்வோரைச் சிதம்பரத்துக்கு அழைத்து வரலாம். இந்த ஊருக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம், பிச்சாவரம் உப்பங்கழியில் இன்றும் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதுவும் இயற்கைதான், மூலிகைதான்!

சீந்திலை எடுத்துக்கொள்வோம். அண்ணாமலை நகர் எலிகளிடம் சர்க்கரையைக் குறைத்த கொடி. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்காக நாடு முழுக்க இதைக் கஷாயமாகக் குடித்தார்கள். அப்போது சீந்தில் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சீந்தில் பாதுகாப்பானது என்றது. விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஏற்கெனவே கல்லீரல் பிரச்னை இருப்பவர்கள் தாங்களாகச் சீந்தில் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது என்பதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஆவாரம்பூவும் முழுக்கச் சாதுவானது அல்ல. இலங்கையில் இதை 'ரணவரா' என்று டீயாகக் குடிப்பார்கள். அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோய்க்கான 'கார்பமாசெபின்' மருந்தோடு ஆவாரையைச் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தபோது, ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறக்குறைய பாதி அதிகமானது. மாத்திரையின் அளவை மருத்துவர் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருப்பார். ஒரு டீ அதைக் குலைத்துவிடலாம். வலிப்புக்கு மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால், ஆவாரம்பூ டீ அவருக்கு வேண்டாம்.

அன்றாடம் நடக்க வாய்ப்புள்ள ஆபத்து இன்னொன்று. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுப்பவர்கள், அதோடு சர்க்கரையைக் குறைக்கும் மூலிகையையும் சேர்த்தால் சர்க்கரை தேவைக்கும் கீழே போய்விடலாம். 70-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், திடீர் பசி, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம். வயதானவர்கள் வீட்டில் 'அப்பா ஏன் சம்பந்தமில்லாமல் பேசுகிறார்?' என்று குழம்புவார்கள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-க்கு அழையுங்கள்.

பாக்கெட்டில் வரும் பொடிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 'குடித்த மூன்றாம் நாளே சுகர் பாதியாகிவிட்டது' என்று யாராவது சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். 2008-ல் சிங்கப்பூரில் நடந்தது இது: சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் கடுமையான தாழ்சர்க்கரையோடு மருத்துவமனைகளில் வந்து விழுந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். ஆண்மை மருந்து என்று விற்கப்பட்ட பொருள்களில் கிளிபென்கிளமைடு கலந்திருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 4 பேர் இறந்துபோனார்கள். 'மூலிகை' என்று அட்டையில் எழுதியிருப்பதாலேயே உள்ளே மூலிகை மட்டும்தான் இருக்கிறது என்று ஆகிவிடாது.

நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே நம் நாட்டில் சட்டப்படி குற்றம். 1954-ம் ஆண்டுச் சட்டம் அது. அதில் தடைசெய்யப்பட்ட நோய்களின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. நள்ளிரவு டி.வி விளம்பரங்களைப் பார்த்தால், அந்தச் சட்டம் 70 வயதைத் தாண்டி ஓய்வெடுக்கப் போய்விட்டதோ என்று தோன்றும்.

சரி, குடிக்கலாமா, கூடாதா?

இது யாரோ சிலரின் கவலை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம். கடலூருக்குப் பக்கத்து வீடான புதுச்சேரியில் 26.3 சதவிகிதம்; நான்கில் ஒருவருக்கு மேல்! இத்தனை வீடுகளில் ஒரு சிறு பங்கினர் பூவை நம்பி மாத்திரையை நிறுத்தினாலும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிறுத்தியவுடன் எதுவும் தெரியாது என்பதுதான் சர்க்கரையின் தந்திரம். முதல் மாதம் நன்றாகவே இருக்கும். 'பார், பூ வேலை செய்கிறது' என்று தோன்றும். உள்ளுக்குள் கண்ணின் நரம்பும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். காலில் ஒரு புண் வந்து ஆறாமல் நிற்கும்போதுதான் விஷயம் புரியும். டைப் 1 உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இந்த அவகாசம்கூடக் கிடையாது. அவர்கள் இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து. அவர்களிடம் எந்த மூலிகையையும் இன்சுலினுக்கு மாற்றாகச் சொல்லவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கைவைத்தியம் வேண்டாம்.

டைப் 2 உள்ளவர், மாத்திரையைத் தவறாமல் எடுப்பவர், சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இருப்பவர், பாலும் சர்க்கரையும் போட்ட டீக்குப் பதில் ஆவாரம்பூ டீ குடிக்க விரும்புகிறாரா? மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கலாம். சர்க்கரை போட்ட இரண்டு டீ நின்றாலே அது லாபம்தான்! ஆனால், ஒரே நேரத்தில் ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, வெந்தயம் என்று எல்லாவற்றையும் சேர்த்து இறங்க வேண்டாம். அப்படிச் செய்தால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றே ஒன்று, கொஞ்சமாக. தொடங்கும் முன் ஒரு ஹெச்பிஏ1சி, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. நடுவில் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவையுங்கள். எண் இறங்கினால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதை அவர் முடிவு செய்யட்டும்.

சித்த மருத்துவத்தின் மீது நம்பிக்கை உள்ளவர்கள் நேராகச் சித்த மருத்துவரிடமே போகலாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது, பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள், மருந்தும் இலவசம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆங்கில மருந்துச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அங்கே போவதை இங்கேயும், இங்கே போவதை அங்கேயும் மறைக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய. திட்டுவார்களோ என்ற பயம்தான். திட்டினால் ஐந்து நிமிடம், மறைத்தால் ஐசியூ.

மாத்திரை வாங்க அலைய முடியவில்லை என்பதாலேயே கைவைத்தியத்துக்குப் போகும் கிராமத்துப் பெரியவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கடலூர் மாவட்டச் செய்தி. பண்ருட்டி பலாவுக்கும் சர்க்கரைக்கும் ஆகாது என்று நமக்குத் தெரியும். பழுத்த பலாவுக்குத்தான் அந்த விதி. ஆந்திராவில் 40 நோயாளிகளிடம் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், அரிசி அல்லது கோதுமை மாவில் 30 கிராமைக் குறைத்துவிட்டு அதற்குப் பதில் பழுக்காத பலாக்காய் மாவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 12 வாரத்தில் ஹெச்பிஏ1சி குறைந்தது. அவர்களும் மாத்திரையை நிறுத்தவில்லை. சோற்றைத்தான் கொஞ்சம் குறைத்தார்கள். பலாக்காய் சீசனில் பண்ருட்டிப் பக்கம் போனால், பிஞ்சுக் காயாகப் பார்த்து ஒன்று வாங்கி வாருங்கள்.